புகைப்பூண்டும் நூற்றுப்பத்து நண்பர்களும்

கடை வைக்க இடம் வேண்டும், பலகை வேண்டும், கல்லாப்பெட்டி வேண்டும் என்பார்கள். நான் வைத்த கடைக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஒரு ஜன்னலோர சீட்டும், கொடைக்கானல் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரமும்தான். இணையத்தில் எதையாவது விற்கப் போய், 'ரேட் என்ன?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்களுக்காகக் காத்துக் கிடந்த அத்தனை பேருக்கும் வணக்கம். உங்கள் வலி எனக்குத் தெரியும்.

மாமா வைத்த கெடு

நான் கன்னிவாடிக்காரி. பி.காம். முடித்த கையோடு கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் கிளாவரைக்கு வாக்கப்பட்டுப் போனேன். புகுந்த வீட்டில் மலைப்பூண்டு விவசாயம். பிடுங்கிய பூண்டைத் தண்டும் தாளுமாகக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுக்களைப் பரணில் தொங்கவிடுவார்கள். விறகடுப்புப் புகை பட்டுப் பட்டுத் தோல் கறுத்துவிடும். பிறகு மண்டிக்காரர் சொன்ன விலைக்கு மூட்டை ஏறிவிடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

படித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரு நட்புத் தளத்தில் சேர்ந்துகொண்டு, ஒருவர் பக்கத்தில் ஒருவர் 'ஸ்கிராப்' எழுதித் தீர்த்த காலம் அது. அதில் ஒரு பக்கம் தொடங்கிப் பூண்டு விற்கப் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர், "அப்பாகிட்டக் கேளு" என்று நழுவிக்கொண்டார். அவருடைய அப்பா, அதாவது என் மாமா, பரணின் கிழக்குப் பாதியைக் காட்டினார்.

"இது உன் பங்கு. பொங்கலுக்குள்ள வித்துட்டேன்னா இனி பூண்டு உன் பொறுப்பு. விக்கலேன்னா மண்டிக்கு ஏத்திட்டு, டவுனுக்குப் போற சோலிய விட்ரணும்."

முகம் பார்த்து வந்த கூட்டம்

பிரவுசிங் சென்டர் நடத்தியவர் செல்வராஜ் அண்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். உள்ளே நுழைந்ததும், "மொதல்ல தேத்தண்ணி குடிங்க தங்கச்சி" என்பார். எங்கள் ஊரில் சிக்னலே கிடையாது என்பதால் அவர் கடை போன் நம்பர்தான் என் கடை நம்பரும்.

அவருடைய கேமராவில், பூண்டுக் கொத்தும் கையுமாக நான் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்றை எடுத்துப் போட்டோம். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் நூற்றுப்பத்துப் பேர் நண்பராகச் சேரக் கேட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். 'ஹாய்' என்று பாதிப் பேர், 'நீங்க கொடைக்கானலா?' என்று மீதிப் பேர். ஒருவர் கவிதையே எழுதியிருந்தார். பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார்.

"படத்த மாத்துவோம் தங்கச்சி. இனிமே பூண்டு மட்டும் சிரிக்கட்டும்."

வெள்ளையாக வேண்டும்

பூண்டு மட்டும் சிரித்த படத்துக்கு ஆர்டர் வந்தது! முதல் ஆர்டர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீச்சரம்மா. கூடவே ஒரு குறிப்பு: 'ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது? வெள்ளையாக அனுப்பவும்.' கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம்? அந்த வாரம் ஆர்டர் செய்த பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து, தாளை நறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, புகையேறிய மேல்தோலை உரித்து, வெள்ளை வெளேரென்று பெட்டியில் அடுக்கினேன். மாமா தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் பார்சல் பஸ் ஏறிவிட்டது.

மூன்று வாரம் போயிற்று. என் பக்கத்தைத் திறந்தால், பச்சை முளை நீட்டிக்கொண்டிருக்கும் பூண்டுப் படம். அதற்குக் கீழே, ஊரே படிக்கும்படி டீச்சரம்மா எழுதியிருந்தார்:

"பூண்டு கேட்டேன், நாற்று அனுப்பியிருக்கிறீர்கள்."

கேஸ் அடுப்பில் புகை

வீட்டுக்கு வந்து அழுதேன். நடந்ததைக் கேட்ட மாமா தலையில் அடித்துக்கொண்டார். "குளிருக்குப் போட்ட சட்டைய உருவிட்டுல்ல ஊருக்கு அனுப்பிச்சிருக்க!" என் பங்கில் முக்கால்வாசிப் பூண்டு அப்படியே தொங்கியது. பொங்கலுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

மறுநாளே பன்னிரண்டு பேருக்கும் புதுசாக அனுப்பினேன், இந்த முறை தாளோடு, கறுப்பாக. அண்ணனின் கேமராவை இரவல் வாங்கி வந்து பரணையே படம் எடுத்து, என் பக்கத்தில் போட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைத்தேன்: 'இது அழுக்கு இல்லை, எங்கள் அடுப்புப் புகை. துடைக்காதீர்கள், உரிக்காதீர்கள், அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள்.' சென்னையிலிருந்து ஒருவர் கடைக்கே போன் போட்டுவிட்டார்.

"தொங்கவிட்டாச்சு மேடம். ஆனா எங்க கேஸ் அடுப்புல புகையே வர மாட்டேங்குதே, இதுக்கு என்ன பண்ணணும்?"

நின்ற பஸ்

ஒரு ஞாயிறு, நாலு மூட்டையோடு முதல் பஸ் ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் டிரைவர் திடீரென்று நிறுத்திவிட்டார். புகை நாற்றம் வருகிறது, ஒயர் கருகுகிறதாம். எல்லாரும் இறங்கினோம். கண்டக்டர் சீட்டுக்குச் சீட்டு மோப்பம் பிடித்து, கடைசியில் என் மூட்டையில் வந்து நின்றார். வசை விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவரோ ஒரு கொத்தை உருவி முகர்ந்து பார்த்தார்.

"வாசம் ஆளத் தூக்குதேக்கா! எனக்கு ரெண்டு கொத்து எடுத்து வையுங்க. அடுத்த தடவ மட்டும் ஏறும்போதே சொல்லிருங்க."

டீச்சரம்மா திரும்பி வந்தார்

மார்கழி பிறந்தும் என் பங்கில் பாதி மிச்சம். அந்த வாரம் பக்கத்தைத் திறந்தால் ஆர்டர், ஆர்டர், ஆர்டர். எண்ணி முடிப்பதற்குள் என் தேத்தண்ணி ஆறிவிட்டது. டீச்சரம்மாவின் வேலைதான் அது. இரண்டு மாதமாகியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை என்று, தான் இருந்த சமையல் குழுவில் படத்தோடு எழுதியிருந்தார். எனக்குத் தனியாகவும் ஒரு வரி:

"ரசத்தில் ரெண்டு பல் தட்டிப் போட்டேன், மாடி வீட்டுக்காரர் கிண்ணத்தோடு இறங்கி வந்துவிட்டார், என் பழைய ஸ்கிராப்பை அழித்துவிடட்டுமா?"

காலிப் பரண்

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிழக்குப் பாதி காலி. கையில் இன்னும் பதினேழு ஆர்டர். ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. மாமாவுக்கு முன்னால் எப்படிக் கத்துவது? அவர் அண்ணாந்து வெறும் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, விதைக்கு ஒதுக்கியது போக மேற்குப் பாதியையும் அவரே அவிழ்த்துக் கீழே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்பே நிற்கிறார்.

"வெரசா வாம்மா. நேர்ல வந்து பாத்துர்றேன், அந்தக் கம்ப்யூட்டர்ல உருளக்கெழங்கு ஏறுமா?"

ஆக, கடை நிலைத்துவிட்டது, பூண்டு என் பொறுப்புக்கு வந்துவிட்டது, ஜன்னலோர சீட்டு மட்டும் மாமாவின் பொறுப்புக்குப் போய்விட்டது.