தேங்காயெண்ணெய் தடவிய மலையேற்றம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். அதில் ஒருத்தி மட்டும் அந்தக் காலுக்குக் கீழே கட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறப் போகிறாள்.

கடைக்குட்டி சுமதியைத்தான் சொல்கிறேன். லண்டனில், சட்டன் என்கிற இடத்தில் அவளோடுதான் இருக்கிறேன். அவள், அவள் மகள் மதுரா, நான் — வீட்டில் மூன்று பேர். நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் அடிக்கிறவள் மதுராதான். சுமதிக்கு நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இந்த வயதில் மற்றவர்கள் முழங்கால் வலிக்கு மருந்து தேடுவார்கள். இவள் போன மாதம் பனிச்சறுக்குக் கட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

தொடக்கி வைத்தவள் நான்தான். லண்டனுக்கு வருமுன் சுவிஸில் இருந்தோம். ஹோட்டல் லாண்டரியில் நான் படுக்கை விரிப்புத் துவைத்த காலம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு ஜெர்மன் தாளில் என்ன விளங்கும்? கையெழுத்து வைத்தேன். பிள்ளையைப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்குப் பனி என்றால் விடியுமுன் வழுக்கி விழுந்து எழும்பி வேலைக்குப் போன பாதை. அவளுக்கு அது வேறு என்னவோ.

"அம்மா, ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ."

தூக்கினேன். இரண்டு தேங்காய்ப் பாரம்தான் இருக்கும்.

"இவ்வளவு அகலமாக் கிடக்கு... பாரமே இல்லையே?"

"அகலம் இருந்தாத்தான் மாப் பனியில புதையாது. லைட்டா இருந்தாத்தான் ஏறேக்கை கால் இழுக்காது."

"ஏறுறதோ? கம்பியில தொங்கிற கதிரை இல்லையோ?"

"அது எல்லாரும் போற மலை அம்மா. நாங்கள் போறது கம்பி இல்லாத மலை. நாலு மணித்தியாலம் நடந்து ஏறி, பத்து நிமிசத்தில இறங்கிறது."

பத்து நிமிடம் இறங்க நான்கு மணித்தியாலம் ஏறுவதா? அதற்கு லீவு வேறு! சம்பளம் தந்தாலும் நான் செய்யமாட்டேன்.

புதுப் பொருள் வந்தால் சாமிக்கு முன் வைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். காருக்கு வைத்தோம், ஃப்ரிட்ஜுக்கு வைத்தோம். கட்டைக்கு மட்டும் விலக்கா? திங்கட்கிழமை சுமதி வேலைக்குப் போனதும் இரண்டு நுனியிலும் சந்தனம் வைத்தேன். பக்கத்தில் ஒரு பை இருந்தது. திறந்தால் நீளமாக இரண்டு பட்டி. ஒரு பக்கம் வெல்வெட் மாதிரி மயிர். மறுபக்கம் பிளாஸ்டிக் தாள்.

புதுச் சாமானில் தாளை உரிக்காமல் விடுவேனா? உரித்தேன். உள்ளே முழுக்கப் பிசுபிசு என்று பசை.

ஜாம் போத்தலில் லேபிள் உரித்த பசையை நீங்கள் எப்படி எடுப்பீர்கள்? தேங்காயெண்ணெய் தடவி, ஊறவிட்டு, மாப் போட்டு உரசி, சுடுதண்ணீரில் கழுவுவீர்கள். நம் வீட்டு மிளகாய்த்தூள் போத்தல்கள் எல்லாம் அப்படி வந்தவைதானே? நானும் அதைத்தான் செய்தேன். ஒன்றரை மணித்தியாலம். மணிக்கட்டு விட்டுப் போயிற்று. ஆனால் பசை ஒரு பொட்டும் மிச்சமில்லை. காயவிட்டு, தாளையும் திருப்பி வைத்து, மடித்துப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் மதுரா ஒரு வீடியோ காட்டினாள். மலைச்சரிவில் நாலைந்து பேர் எறும்பு மாதிரி ஏறுகிறார்கள்.

"ஸ்கிக்குக் கீழ ஒட்டியிருக்கே, அதுதான் ஸ்கின், அம்மம்மா. அந்த மயிர் பின்னால வழுக்க விடாது. மேல போனதும் உரிச்சுப் போட்டு இறங்குவினம்."

"எதாலை ஒட்டுறது?"

"அதிலயே குளூ இருக்கும்."

"அந்தப் பசை விட்டால்?"

"ஏற ஏலாது. லக் இருந்தா திரும்பி வருவினம். இல்லாட்டி... சறுக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்."

இவ்வளவு சொன்னாளே... என் காதில் நின்றது ஒரு சொல்தான். திரும்பி வருவினம்.

சனிக்கிழமை சுமதிக்கு விமானம். செவ்வாய் முழுக்க நான் வாய் திறக்கவில்லை. புதனும் திறக்கவில்லை.

ஊரில் சண்டை நேரம் ஷெல்லுக்குப் பயந்தேன். செக் பொயின்ட்டுக்குப் பயந்தேன். ஏஜென்ஸிக்காரனுக்கு, விசாவுக்கு, பிள்ளைகள் வேலையால் பிந்தி வரும் ரயிலுக்கு... எல்லாவற்றுக்கும் பயந்தாயிற்று. புதிதாக ஒரு மலைக்கும் பயப்பட என்னிடம் தெம்பில்லை.

வியாழக்கிழமை சுமதி சாமான் அடுக்கினாள். மண்வெட்டி. நீளக் கம்பி. பனிச்சரிவில் புதைந்தால் இடம் காட்டும் சின்னப் பெட்டி. புதைந்தால்! கடைசியாக அந்தப் பையைத் திறக்காமலே தட்டினாள்.

"ஏறேக்கை என்ர உயிர் இதிலதான் அம்மா."

அதற்குமேல் இருக்க முடியவில்லை.

"பிள்ளை, அதைத் திறந்து பார்."

திறந்தாள். விரலால் தடவினாள். மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். "தேங்காயெண்ணெயோ?"

ஜாம் போத்தல் வரைக்கும் சொன்னேன். மதுரா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சுமதி சிரிக்கவில்லை.

"நான் போகக்கூடாதெண்டு வேணுமெண்டு செய்யேல்லைத்தானே அம்மா?"

"என்ன கதை கதைக்கிறாய்! இது என்னத்துக்கெண்டே எனக்கு இப்பதான் தெரியும்."

மதுராவின் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது அடிக்கும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சுமதி அரைநாள் லீவு போட்டு, லண்டனின் மறுகோடிக்குப் போய்ப் புதுப் பட்டி வாங்கி வந்தாள். அடுப்புக்கு முன்னால் குசினித் தரையில் வைத்துக் கட்டையின் அளவுக்கு வெட்டினாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் போனாள். ஒரு வாரம். போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

வந்தாள். முகம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்து... சிரிப்பு வேறு! எனக்கு நின்றபடியே நித்திரை வந்தது.

நேற்று அவள் சிநேகிதியோடு போனில் கதைத்தது காதில் விழுந்தது. "பாவமடி, அம்மாக்கு என்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா உடனே சொல்லியிருப்பா."

பாவமா? நானா? ஐந்து பிள்ளைகளோடு கடல் கடந்தவளுக்கு அந்தச் சொல் சுட்டது.

பசையைக் கழுவியது தெரியாமல்தான். இரண்டு நாள் மறைத்தது தெரிந்துதான். பாதி மலையில் பிள்ளையின் பசை விடட்டும், திரும்பி வரட்டும் என்று இருந்தேன். வராமலே போயிருந்தால்? அதை நினைக்கத் துணியவில்லை.

பிள்ளைப் பாசம் என்கிறோம். அதில் பாதி, நாம் நிம்மதியாகப் படுத்தெழும்ப வேண்டும் என்கிற ஆசை. அவ்வளவுதான்.

சரி மதுரா, முதலில இருந்து வாசி, குஞ்சு. செவ்வாயையும் புதனையும் விட்டிடாதை. உன்ர அம்மா குசினிக்குள்ளதான் நிக்கிறா... கொஞ்சம் சத்தமா வாசி.