மூன்றாவது பட்டன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வீடியோ கேம் கம்பெனி. ஐம்பத்தோரு வயதில் அங்கே கதை எழுதச் சேர்ந்தேன். ஆபீஸ் வாழ்க்கையைப் பற்றிய கேம். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஒருவர் காலையில் கார்டு தேய்த்து உள்ளே போவார், மாலையில் வெளியே வருவார். நடுவில் யார் என்ன கேட்டாலும், என்ன செய்வது என்று ஆடுபவர் பட்டனை அமுக்கிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன தெரியும்?

"உண்மையா இருக்கணும் சார். சின்னச் சின்ன விஷயம் வேணும்" என்றார் முதலாளி, முப்பதைத் தொடாத பெண்.

என்னிடம் இருந்த உண்மை ஒன்றுதான். பழைய ஆபீஸில் ஆள் குறைத்தபோது, டீமிலிருந்து ஒரு பெயரை எழுதித் தரும்படி, டீம் லீடரான என்னிடம் மேனேஜர் தாளை நீட்டினார். பக்கத்து சீட்டு நண்பனின் பெயரை எழுதினேன். அவன் வேலை போயிற்று. எழுதியது நான்தான் என்று அவனிடம் சொன்னதில்லை. பின்னாளில் என் பெயரையும் யாரோ எழுதிக் கொடுத்தார்கள். நல்ல கையெழுத்தாக இருந்திருக்கும்.

அதையே நான்காவது காட்சியாக வைத்தேன். இரண்டு பட்டன்கள்: 'நண்பன் பெயரை எழுது', 'உன் பெயரை எழுது'.

கேம் ஆடிப் பழகாத பத்துப் பேரை ஆடவைத்துப் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. அந்த நண்பனையும் கூப்பிட்டேன். கேமில் வரும் நண்பனின் ஊரை, வயதை, மீசையை எல்லாம் மாற்றியாயிற்று என்ற தைரியம். மன்னிப்புக் கேட்காமலே கேட்டதுபோல ஆகிவிடும் என்ற கெட்டிக்காரத்தனம்.

பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்தான். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்த்துக்கொள்கிறான்; தண்ணீர் லாரிக்குப் போன் போடுவதே முக்கால் வேலை.

"இன்னா மாமே, இந்த வயசுல பொம்மை வெச்சிகினு ஆடறே?" என்று மவுஸைப் பிடித்தான்.

மதியச் சாப்பாட்டுக் காட்சி வந்தது. திரையில் நண்பன் உப்புமாவிலிருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கி, டப்பா மூடியின் விளிம்பில் வரிசையாக அடுக்கினான். பார்த்துக்கொண்டிருந்தவனின் சிரிப்பு நின்றது. சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து வருடக்கணக்கில் அப்படி அடுக்கியவன் அவன்தான். மீசையை மாற்றிய நான் கறிவேப்பிலையை விட்டுவிட்டேன். அந்த இடத்தைப் பாராட்டி முதலாளி காபி வேறு வாங்கித் தந்திருந்தார்.

நான்காவது காட்சியில் அவன் விரல் அசையவில்லை. கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் எழுதாம பேப்பரைத் திருப்பிக் குடுக்கிற பட்டன் எங்க கீது?"

"அது வைக்கல."

"கேம்ல வைக்கலியா, அன்னிக்கே இல்லியா?"

அன்று இருந்தது. பக்கத்து டீமின் லீடர் வெறும் தாளைத்தான் திருப்பிக் கொடுத்தார். அவர் வேலை போகவில்லை. பதவி உயர்வுதான் வரவில்லை. எனக்கு வந்தது.

"இருந்துச்சு" என்றேன்.

மவுஸைப் பத்திரமாக மேஜையில் வைத்தான். "படம்லாம் நல்லா வரைஞ்சிகீறாங்க. அந்தப் பொண்ணாண்ட சொல்லிடு." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பழைய ஆபீஸ் நாட்களில் எப்போதும் ஸ்டேஷன் வரை சேர்ந்துதான் நடப்போம்.

மறுநாள் மூன்றாவது பட்டனையும் எழுதிக் கொடுத்தேன். முதலாளி யோசித்தார். "சார், இது இருந்தா எல்லாரும் இதைத்தான் அமுக்குவாங்க."

அவர் சொன்னது சரி. மீதி ஒன்பது பேரும் அதைத்தான் அமுக்கினார்கள். ஒருவர்கூட இரண்டு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.