கள்ளனுக்கு வைத்த கமரா

பெரியகல்லாற்றில் சீமெந்தும் ஆணியும் விற்கும் மாடிக்கடை நான் கட்டியது. அதே இடத்தில் அதற்கு முன்னும் இரண்டு கடை கட்டினேன். கிடுகுக் கடை யுத்தத்தில் எரிந்தது, ஓட்டுக் கடையைக் கடல் கொண்டுபோனது. யுத்தம் முடிந்து ரோட்டுத் திறந்ததும் மூன்றாவதைக் கொங்கிறீற்றில் எழுப்பினேன். வாவிக்கரை வீடும் வட்டைக்குள் இருக்கிற வயலும் என் கையால் வந்தவை. பள்ளிக்கூடம் எனக்குத் தந்தது கையெழுத்து ஒன்றுதான். எங்கள் தெருவில் முதலில் கமரா பூட்டியவனும் நான்தான்.

கடல் கடையோடு நிற்கவில்லை. எங்கள் இளைய மகளையும், வீட்டிலிருந்த படங்கள் அத்தனையையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு என் மனைவி எந்தப் படத்துக்கும் நிற்கவில்லை. மூத்த மகனின் கல்யாணத்திலும் படம்பிடிப்பவர் கூப்பிட்டதும் சமையல் பக்கம் போய்விட்டாள்.

"புள்ள இல்லாத படத்தில எனக்கென்ன வேலை?"

கடைக் கமராவுக்கு மட்டும் அவள் ஒளியவில்லை.

"நானென்ன கள்ளியா? அது கள்ளனுக்கு வச்ச கமரா."

அவள் கீழே கல்லாவில் இருப்பாள். நான் மாடியில் கம்பியூட்டரில் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீல எழுத்துப் போட்ட பிரவுசரைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டி ஒன்று வந்து, பிளக்-இன்னை உள்ளே விடவா என்று கேட்கும். சோதனைச்சாவடிகளில் இறங்கி நின்று, உள்ளே விடுங்கள் என்று கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இது என்னிடம் கேட்டது! விடு என்று அமத்துவேன், படம் வரும். தேத்தண்ணி ஊற்றினால் அவள் கோப்பையைக் கமராவுக்கு நேரே தூக்கிக் காட்டுவாள். நான் இறங்கிப் போவேன்.

ஒரு மாரியில் இடி விழுந்து, கமராப் படங்களைச் சேர்த்துவைக்கும் பதிவுப் பெட்டியில் டீவியைக் கொழுவும் துவாரம் எரிந்துபோனது. பெட்டியின் மணிக்கூடும் குழம்பிவிட்டது. பிரவுசரில் மட்டும் படம் வந்தது, அதனால் நான் திருத்தக் கொடுக்கவில்லை.

பிறகொரு நாள் அவள் நெஞ்சு நோகுது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் நேரே கடைக்குப் போய்க் கமரா வயர்களைப் பிடுங்கினேன். பெட்டி நிரம்பினால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் பிடிக்கும். பழைய அடையாள அட்டையில் இருந்த படம் எப்போதோ மங்கி அழிந்துவிட்டது. அவளுடைய முகம் இந்த உலகத்தில் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

"கள்ளன் வந்தா என்ன செய்வீங்க?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார்.

"வரட்டும்."

வெளிநாட்டிலிருந்து வந்த மூத்த மகன், முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு அம்மாவின் படம் தேடினான். தன்னுடைய புது மடிக்கணினியில் பெட்டியைத் திறந்தான். கறுப்புச் சதுரம் ஒன்றுதான் வந்தது.

"பிளக்-இன் கேக்குது. இப்ப ஒரு பிரவுசரும் அத எடுக்காதுப்பா. ஏலாது. இந்தப் பெட்டிய எறியச் சொல்லி எத்தின தரம் சொன்னன்?"

"எறிஞ்சிருந்தா ஒன்ட அம்மாவ எங்க போய்த் தேடுவாய் மனே?"

என் பழைய கம்பியூட்டரை மாடியில் சீமெந்துப் பையால் மூடி வைத்திருந்தேன். அதைப் புதிதாக்க நான் யாரையும் விட்டதில்லை. நீல எழுத்தைத் திறந்தேன். மஞ்சள் பட்டி வந்தது. அமத்தினேன்.

அவள் செத்த கிழமையின் திகதியை மகன் போட்டான். ஒன்றுமில்லை. மறுகா அவன்தான் மணிக்கூடு பின்னுக்குப் போயிருக்கும் என்று சொல்லி, பழைய வருஷங்களில் தேடினான்.

வந்தாள். கல்லாவில் இருந்து நிமிர்ந்து, கோப்பையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். மகன் "அம்மா" என்றான். நான் திரையைத் தொட்டேன். சூடில்லை.

படத்தின் மூலையில், கடல் வருவதற்கு முந்திய ஒரு வருஷம் இருந்தது.

"பிழையான திகதி. அழிச்சிடுறன்."

"அழியாத மனே. இருக்கட்டும்."

அந்தப் பெட்டியின் கணக்கில் கடல் இன்னும் வரவில்லை. கல்லாவில் இருப்பவளுக்கு மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம்.

கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் 'படம்: மூத்த மகன்' என்று அச்சாகியிருக்கிறது. தேடி எடுத்தது அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் கமராவைக் கல்லாவுக்கு நேரே பூட்டியது நான். வயரைப் பிடுங்கியது நான். எல்லாரும் எறியச் சொன்னதைக் காத்து வைத்திருந்தவன் நான். ஆண்டுத் திவசத்துக்கு மறுபடி அச்சடிக்கும்போது அந்த வரியைத் திருத்த வேண்டும். 'படம் பிடித்தவர்: கணவர்' என்று போடுங்கள். அவள் கோப்பையைத் தூக்கிக் காட்டியது எனக்கு.