குவித்தது மாப்பிள்ளை, குடைந்தது நான்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய எங்கள் வடகரப்பதியில், பாறை தட்டியதும் ஆட்கள் கைவிட்டுப் போன கிணற்றில் நானே இறங்கி, வெடிவைத்து, தண்ணீர் கண்டேன். தென்னை நிற்காது என்று படித்த அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போன மேட்டில் தோப்பு நிறுத்தினேன். முதலில் ஓலைச் சாளை, பிறகு ஓட்டு வீடு, அதையும் பிரித்துவிட்டு மாடி வீடு. ஒரே மகள் கோமதியை நர்ஸ் படிக்கவைத்து விமானம் ஏற்றினேன், அதையும் கட்டுமானத்தில்தான் சேர்க்கிறேன். நாலாம் வகுப்போடு சிலேட்டைப் போட்டுவிட்டு வந்தவன் செய்த வேலைகள் இவை. இந்த வரிசையில் இப்போது கனடாவில் ஒரு வீடு சேர்ந்திருக்கிறது. பனியால் கட்டியது. மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் கட்டியதோடு விடாமல், அதற்குள் ஒரு ராத்திரி படுத்தும் பார்த்தேன். அதைப் பற்றி ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த நாட்டில் காலையில் எழுந்ததும் மனிதர்கள் செய்கிற முதல் வேலை, வானத்திலிருந்து விழுந்த தண்ணீரை வாரி வெளியே கொட்டுவது. ராத்திரி விழுந்த பனி வாசலை அடைத்துக் கிடக்கும். அகலமான தகரக் கரண்டி மாதிரி ஒரு மண்வெட்டியால் அதை அள்ளி வேலியோரம் வீசுவார்கள், திட்டிக்கொண்டே வீசுவார்கள். வந்த புதிதில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கம் மழை மறைவுப் பூமி. பங்குனி பிறந்தால் டேங்கர் லாரி வரும், குடத்தோடு ஓடுவோம். லாரிக் குழாயிலிருந்து சொட்டுவதற்குக் கீழேகூட என் மனைவி சரஸ்வதி ஒரு போசியை வைப்பாள். இங்கே தண்ணீர் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது, அதன்மேல் ஒருவருக்கும் மரியாதை இல்லை.

நானும் மண்வெட்டியை எடுத்தேன். மகளின் கணவர் கெவின் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். கெவின் இந்த ஊர்க்காரர், மின்கம்பம் ஏறுகிற வேலை. ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைக்கிற அகலம். “மாமா, சிட், சிட்” என்று நாற்காலியைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரி தன் நாயைப் பார்த்துச் சொல்வதும் அதே சொல்தான். மரியாதையாகத்தான் சொல்லியிருப்பார், எனக்குத்தான் சுருக்கென்றது. சமையலறைக்குப் போனால் மகள், “நீங்க சும்மா உக்காருங்கப்பா” என்றாள். விருந்தாளியாக நான் எந்த வீட்டிலும் ஒரு வாரம் தாண்டியதில்லை. என் கை சும்மா இருந்து பழகியதும் இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பனி கரைகிற வரைக்கும் தங்குவதாகச் சொல்லித்தான் வந்திருந்தேன். ஆனாலும் கோமதியைக் கூப்பிட்டு, “டிக்கெட்டை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மாத்தீரும்மா. உங்க ஊட்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல” என்றேன். “சரிங்கப்பா” என்றாள். அன்று சாயங்காலம் அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை.

சனிக்கிழமை காலையில் கெவின் வீட்டுக்குப் பின்னால் பனியைக் குவிக்க ஆரம்பித்தார். கொட்டுவதற்காக இல்லை, கட்டுவதற்காக. குவின்ஸி என்று அதற்குப் பெயராம். பனியை ஆள் உயரத்துக்குக் கும்பலாகப் போட்டு, இறுகவிட்டு, உள்ளே குடைந்து, ஒரு ராத்திரி அதற்குள் படுப்பது. வருடா வருடம் செய்வாராம். சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பல் போட்டு முடித்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குச்சிகளை ஒடித்து, அதன் மேலெல்லாம் குத்திவைத்தார். அது எதற்கென்று எனக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் மண்டியிட்டு வாசல் குடையத் தொடங்கினார். தோள் நுழையவில்லை. இடித்த இடத்தில் பனி பொலபொலவென்று சரிந்தது. அதற்கு மேல் என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. மகளுடைய பூட்ஸையே மாட்டிக்கொண்டு வெளியே போய், அவர் காலைத் தட்டி, “எந்திரிங்க. இது உங்க உடம்புக்கு ஆகற வேலையில்ல. கெணறு வெட்டுனவன் நான்” என்றேன். அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எழுந்து வழிவிட்டார்.

சரிந்த இடத்தை விட்டுவிட்டு, புது வாசல் கிழக்கே பார்த்து இருக்கட்டும் என்று கை காட்டினேன். அவர் வேறு பக்கம் காட்டி, வாயைக் குவித்து ஊதினார். காற்றுக்கு முதுகு காட்டித்தான் வாசல் வைக்க வேண்டுமாம். காற்றைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்? மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சாளைக் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கடைசியில் அவர் கொஞ்சம் நகர்ந்தார், நான் கொஞ்சம் நகர்ந்தேன். வாசல் தென்கிழக்கில் அமைந்தது. கிழக்கு அதில் பாதிக்கு மேல் என்னுடையது.

உள்ளே படுத்தவாக்கில் சின்ன மண்வெட்டியால் குடைந்தேன். கிணற்றுக்குள் தலைக்குமேல் பாறை தொங்கும்போது எப்படி மூச்சுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அது இங்கே உதவியது. கொஞ்ச நேரத்தில் தலைக்குமேல் ஒரு குச்சியின் முனை எட்டிப் பார்த்தது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இன்னும் சுரண்டினேன். வெளிச்சம் கசிந்தது. வெளியே கெவின், “நோ, நோ, மாமா!” என்று கத்தினார். குச்சி முனை தெரிந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும், சுவர் அவ்வளவு கனம் இருந்தால்தான் கூரை நிற்கும் என்று பிறகு மகள் வந்து விளக்கினாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் அவர் வெளியிலிருந்து பனியை அப்பினார், நான் உள்ளிருந்து உள்ளங்கையால் தாங்கினேன். நடுவில் ஒரு சாண் பனி. அவர் தட்டுவது என் கைக்குத் தெரிந்தது. நான் திருப்பித் தட்டினேன். நாங்கள் இருவரும் மகளின் உதவியில்லாமல் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

குளிர் கீழே தங்கும் என்பதால் படுக்கும் மேடையை வாசலைவிட உயரமாக விட்டேன். மூச்சுக்காற்றுக்கு மேலே ஒரு துளை. நெல் குதிருக்குள் இறங்கி மண் பூசுகிற மாதிரி கூரையைக் கையால் வழித்து வழவழப்பாக்கினேன். வெளியே வந்தபோது தாடி பனியாக இருந்தது. மகள் போனை நீட்டினாள். வடகரப்பதியிலிருந்து சரஸ்வதி. நான்கு மாடுகளை விட்டுவிட்டு வரமுடியாதென்று ஊரிலேயே நின்றுகொண்டவள்.

“ஏனுங்க, அந்தக் குளுருல என்ன எலி மாதிரி பொந்து தோண்டீட்டிருக்கறீங்களாமா?”

“பொந்தில்ல, ஊடு.”

“ஊடுன்னா பால் காச்சுனீங்களா?”

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “புள்ளை ஊடு வாங்குனப்பத்தான் நாம ஆரும் போயிப் பால் காச்சல. கல்யாணத்தையே போன்லதானே பாத்தோம். இதுலயாச்சும் காச்சிப்போட்டுப் படுங்க.”

எங்கள் முதல் சாளையில் குடியேறிய நாள் நினைவுக்கு வந்தது. மாடு பால் வற்றிக் கிடந்தது. பால் பொங்காத வீட்டில் படுக்கமாட்டேன் என்று சரஸ்வதி வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டாள். நான் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் நடந்து ஒரு சொம்புப் பால் வாங்கிவந்தேன். அது பொங்கிய பிறகுதான் உள்ளே வந்தாள்.

இங்கும் பால் பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது, அது ஒன்றாவது நம் ஊர் மாதிரி. முகாமுக்கு எடுத்துப்போகும் சின்ன கேஸ் அடுப்பைக் கெவின் கொண்டுவந்தார். உள்ளே வைக்கப் போனேன். தொண்டையைப் பிடித்து நாக்கைத் தொங்கப்போட்டுக் காட்டினார், உள்ளே எரித்தால் புகை ஆளைக் கொன்றுவிடும் என்று. சரி, வாசலிலேயே வைத்தோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் பாத்திரம். பால் நுரைகட்டி எழும்பி விளிம்புக்கு வந்தது. நான் கும்பிடக் கையெடுத்தேன். கெவின் பாய்ந்து அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தவிடவில்லை என்று பெருமையாகக் கட்டைவிரலை உயர்த்தினார்.

இவரை என்ன சொல்வது? “மறுபடி, மறுபடி” என்று கையை ஆட்டினேன். பாவம், என் கையாட்டலைப் பாராட்டு என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது தடவை பால் எழும்பியபோது இன்னும் வேகமாகத் தணித்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்த கோமதி இதைப் பார்த்துச் சிரித்தவள், சிரிப்பு நிற்காமல் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு இங்கிலீஷில் அவருக்கு ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது. “ஆன் பர்பஸ்?” என்று கேட்டார். வேண்டுமென்றேவா என்று. பிறகு அவசரமாக அடுப்பைத் திருகினார். அது எரியவில்லை. குளிரில் கேஸ் உறங்கிவிட்டதாம்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பொங்குகிற பாலை இரண்டு தடவை தணித்தாயிற்று, அடுப்பும் அணைந்தாயிற்று. எனக்கும் இந்த வீட்டுக்கும் ராசி அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டியதுதான். எழுந்துகொள்ளப் போனேன். கெவின் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இந்த முறை சிட் என்று சொல்லவில்லை. அந்தக் குளிர்ந்த கேஸ் டப்பாவைக் கழற்றி, கோட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கி, வெறும் வயிற்றோடு சேர்த்து வைத்து மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார். “எதுக்குங்கம்மா இப்பிடி?” என்று மகளைக் கேட்டேன். “உடம்புச் சூட்டுல கேஸ் முழிச்சுக்கும்பா. நீங்க பேசாம இருங்க” என்றாள் கோமதி. அவள் இப்போது சிரிக்கவில்லை.

அடுப்பு எரிந்தது. பால் எழும்பியது. கெவின் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், பழக்கத்தில் மறுபடி நீண்டுவிடுமோ என்று. பொங்கி வழிந்தது, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. பனியில் விழுந்த பால் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வெள்ளைமேல் வெள்ளை. ஆவி மட்டும்தான் சாட்சி.

மூவரும் தவழ்ந்து உள்ளே போனோம். “அக்கட்ட தள்ளிப் படுங்கப்பா, பாதி எடத்த நீங்களே அடைச்சுட்டீங்க” என்றாள் மகள். வெளியே இருந்த குளிருக்கு உள்ளே நம்பமுடியாத கதகதப்பு. எங்கள் மூச்சே அந்த வீட்டுக்குக் கணப்பு. கோமதி மெதுவாகக் கேட்டாள்: “வெள்ளிக்கெழமைக்கு இன்னும் மாத்தலப்பா. மாத்தட்டுமா?”

“கட்டுன ஊட்ட உட்டுப்போட்டு எவனாச்சும் போவானா? இது நிக்கற வரைக்கும் இருக்கறேன்” என்றேன். அவள் அதை அவருக்குச் சொன்னாள். இருட்டில் ஒரு கை வந்து என் கம்பளியை இழுத்துக் காலை மூடிவிட்டுப் போனது. யார் கை என்று நான் கேட்கவில்லை. விடிந்தபோது சுவரெல்லாம் நீல வெளிச்சம், கிணற்றடியிலிருந்து வானம் பார்ப்பது மாதிரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் மாப்பிள்ளை என்ன செய்கிறார் தெரியுமா? வாசலில் வாரும் பனியை வேலியோரம் வீசுவதில்லை. கொண்டுபோய் அந்த வீட்டின்மேல் அப்புகிறார். எனக்கும் ஒரு மண்வெட்டி வாங்கி வைத்திருக்கிறார். வெயில் அடித்தால் மூவரும் சன்னலில் நின்று அதைக் கவலையோடு பார்க்கிறோம். அங்கே வடகரப்பதியில் ஒருத்தி தினமும் போன் போட்டுக் கேட்கிறாள், “இன்னும் கரையலீங்களா?” இல்லை என்று சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அவள் பெருமூச்சு கேட்டால் மட்டும் மாடுகளைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். தெற்குப் பக்கச் சுவர் இளைத்துவிட்டது. அது இளைக்க இளைக்க நான் ஊருக்குக் கிட்டத்தில் போகிறேன். அப்படியிருந்தும் காலையில் முதலில் பனியை அப்புவது அந்தப் பக்கத்தில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகள் எடுத்த போட்டோவை நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் பார்த்துவிட்டு, கனடா மாப்பிள்ளை தனியாளாகப் பனிவீடு கட்டினாராமே என்று ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். குவித்தது அவர், மறுக்கவில்லை. கேஸை வயிற்றில் வைத்துக் காத்ததும் அவர், அதை நானே எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் குவித்தால் மேடு, குடைந்தால்தான் வீடு. குடைந்தது நான். கிணறும் தோப்பும் நான் போனபிறகும் என் பேரைச் சொல்லும். இந்த வீடு பங்குனிக்கு அப்புறம் தண்ணீராய் ஓடிவிடும், சாட்சிக்கு ஒரு செங்கல்கூட மிஞ்சாது. ஆகையால் அது நிற்கும்போதே அந்தப் போட்டோவுக்குக் கீழே திருத்திப் போடுங்கள்: கெவினும் வடகரப்பதி நாச்சிமுத்துவும் சேர்ந்து கட்டியது. பால் காய்ச்சச் சொன்னவள் சரஸ்வதி. அவள் பேரையும் விட்டுவிடாதீர்கள்.