குண்டூசி போட்ட பக்கங்கள்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரத்தில் இரண்டு எண்ணெய் மில் எழுப்பியவன். படித்த கோழைகளைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. எண்பதுகளில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் ரயிலில் அப்படி ஒருவர் என் எதிரே உட்காருவார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவர். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டை, மடியில் ஒரு பழைய பேய்க்கதைப் புத்தகம். ஊரே கும்பிட்ட சாமியார் ஒரு பெண்ணிடம் மயங்கி, கொலை வரை போய், சாத்தானுக்கு ஆத்மாவையே எழுதிக் கொடுக்கிற கதையாம். நடுவே சில பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்வார்.

"இன்னா சார் அது?"

"சாமியார் கெட்டுப்போற எடங்க. எங்க வாத்தியார் குத்திக் குடுத்தது. கிளாஸ்ல தாண்டிப் போயிடுவேன். இப்ப ஒரு பொண்ணு எழுந்து, அந்தச் சாமியாரு இன்னாதான் தப்பு பண்ணாருன்னு கேட்டுடுச்சி. திங்கக்கெழம பதில் சொல்லணும், இல்லனா மானம் போயிடும்."

"சொல்லிட்டுப் போறது!"

"நானே படிச்சதில்லைங்க. ஒம்போது வருஷமா பயந்துகினு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மூட்டையக் குத்திப் பாக்காமலே வெல சொல்ற ஆளா நீ? ஊசியப் புடுங்கிப் படிய்யா!"

செவ்வாயன்று வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"இன்னா வாத்தியாரே, படிச்சியா?"

"படிச்சி, அந்தப் பொண்ணுக்கும் சொல்லிட்டேங்க. அத்தினி பக்கத்துல கெட்ட எடம் மொத்தமே பத்து வரிதான். நான் நெனச்சிக்கினு இருந்ததுல கால்வாசிகூட அதுல இல்லைங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அது வெட்கமா, ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.