சலூனில் கிழிந்த தாள்

இன்று அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சலூனுக்குப் போனேன். நாங்கள் நடத்தும் சிற்றிதழின் ஒரு பிரதியை அங்கே நாளிதழ்களோடு போட்டுவைப்பது என் வழக்கம். யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அதை எடுத்துவந்து, இதழையும் இத்தோடு நிறுத்திவிடலாம் என்ற எண்ணம்.

புரட்டினால் நடுவில் ஒரு தாளைக் காணோம்.

கத்தியில் ஒட்டும் சோப்பு நுரையை வழிக்கத் தாள் கிழிப்பார்கள் அல்லவா? எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏண்ணே, நுரை வழிக்க எங்க புக்குதான் கெடச்சுதா?"

சலூன்காரர் சிரித்தார்.

"அட, நீங்க வேற! அது தடிச்ச தாளு, வழிக்க ஆவாதுங்க. காலைல ஷேவிங்குக்கு வந்தவரு, காத்திருந்த நேரத்துல ஒரு கதைய ஆரம்பிச்சாரு. ஷேவ் முடியறதுக்குள்ள ஜெயங்கொண்டம் பஸ்ஸு கெளம்பிருச்சு. மொகத்தக்கூட தொடைக்காம, அந்தத் தாள கிழிச்சுக்கிட்டு ஓடிட்டாருங்க!"

பிரதியை அங்கேயே வைத்துவிட்டேன். வெளியே வந்ததும் அச்சகத்துக்குப் போன் செய்து, அடுத்த இதழ் உண்டு என்று சொன்னேன்.

இன்று காலை ஜெயங்கொண்டம் பஸ்ஸில், கன்னத்தில் சோப்போடு ஒருவரை யாராவது பார்த்தீர்களா? கதை அந்தத் தாளோடு முடியவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.