மரியசெல்வம் விற்ற கேபின் போட்

மரியசெல்வம் எனக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஐஸ் பாக்கி தர வேண்டியிருந்தது. ஐந்து மாதமாகியும் நான் கேட்கவில்லை. பாக்கியை மறக்கிற ஆள் நான் இல்லை, அது கரை முழுக்கத் தெரியும். அவனிடம் மட்டும் கேட்க வாய் வரவில்லை.

நான் அரிமளத்துச் சோலையப்பன். படிப்பு மூன்றாவது வரைதான். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த லாரி வாங்கி, அதை விற்று, கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் நடுவில் கருவேலங்காடாகக் கிடந்த இடத்தில் ஐஸ் கம்பெனி போட்டேன். எங்கள் வம்சத்தில் கடல் பக்கம் தலைவைத்துப் படுத்தவன் கிடையாது. கம்மாய்த் தண்ணியை நம்பி இருந்தவனுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் இன்றைக்கு என் கம்பெனி வாசலில் வண்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம். பெருமைக்குத்தான் சொல்கிறேன், சம்பாதித்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது.

ஆனால் எழுத உட்கார்ந்தது மரியசெல்வத்தைப் பற்றி.

கரைவலை இழுத்த குடும்பம் அவனுடையது. சின்ன வயதிலேயே அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனான். அப்புறம் பங்குக்குப் போனான். நாற்பது வயதுக்கு மேல்தான் சொந்தமாக ஒரு ஃபைபர் போட் வாங்கினான். சத்தக்காரன். ஐஸ் எடுக்க வந்தால் கம்பெனியே அதிரும். கட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது நேத்துப் போட்ட ஐஸ்ண்ணே, கடலுக்குப் போறதுக்குள்ள கண்ணீரா ஓடிரும்" என்பான். ஒரு கட்டிக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்பான். குறைக்காவிட்டால் போகவும் மாட்டான். எனக்கு அவனோடு பேரம் பேசுவது பிடிக்கும். சரிக்குச் சரி நிற்கிற ஆள் அந்தக் கரையில் அவன் ஒருத்தன்தான்.

அவன் சின்ன மகன் பிரிட்டோ ஐடிஐ படித்தவன். அப்பன் வெயிலில் காய்கிறான் என்று அந்த போட்டில் அவனே ஒரு கேபின் கட்டினான். பிளைவுட்டை அடித்து, மேலே ஃபைபர் பூசி, பழைய மினி பஸ் கண்ணாடி ஒன்றை முன்னால் மாட்டினான். ஓர் ஆள் நிற்கலாம், ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவுதான் இடம். கரையில் எல்லாரும் கேலி பண்ணினார்கள். "கேபின் வந்துருச்சு, ஏசி எப்ப செல்வம்?" என்று கேட்டால், "ஏசிக்குத்தான் சோலையப்பண்ணன் ஐஸ் தாராருல்ல" என்று அவனே கத்துவான்.

தை மாதம் பிரிட்டோ பைக்கில் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். குவைத்திலிருந்து மூத்தவன் வரும்வரை உடம்பை வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி வரத் தாமதமானது. நான்தான் நாலு கட்டி ஐஸ் அனுப்பினேன். என் கம்பெனி ஆள் வெள்ளைச்சாமி கொண்டுபோய், சாக்கில் போட்டு உடைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். அதை நான் பாக்கியில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு மரியசெல்வம் கடலுக்குப் போகவில்லை. போட் கட்டின இடத்திலேயே கிடந்து அடியெல்லாம் பாசி பிடித்தது. கரையில் வந்து உட்கார்ந்திருப்பான். அழவும் இல்லை, குடிக்கவும் இல்லை. "என்ன செல்வம்?" என்றால், "சரிங்க" என்பான். என்ன சரி என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ஆனி மாதம் போட்டை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் ஒரு போட் வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் கடல் ஆழமில்லாதது. பெரிய போட்டெல்லாம் தூரத்தில்தான் நங்கூரம் போடும். அதுவரைக்கும் ஐஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டிக்கு இருபது ரூபாய் கூட வாங்கலாம். இந்த யோசனை அந்தக் கரையில் வேறு எவனுக்கும் வரவில்லை.

வெள்ளோட்டம் பார்க்க நாள் சொல்லியாகிவிட்டது. அதற்கு முதல் நாள் மரியசெல்வத்தின் வீட்டுக்காரி சகாயராணி கம்பெனிக்கு வந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஐயா, எத்தன ரவுண்டு வேணும்னாலும் சுத்திப் பாருங்க. வெலைய மட்டும் கடல்ல பேசிராதீங்க. கரைக்கு வந்து எங்கிட்டப் பேசுங்க."

"ஏன் தாயி, அவன் பேச மாட்டானா?"

"அவரு இப்ப எதக் கேட்டாலும் சரிங்கிறாரு. போன வாரம் ஒருத்தன் வலையக் கேட்டான், சும்மாவே தூக்கிக் குடுத்துட்டாரு. அஞ்சரை லட்சம் வந்தாகணும் ஐயா. அஞ்சு குடுத்தாத்தான் வட்டிக்குக் குடுத்த மணமேல்குடிக்காரன் வீட்டுப் பத்திரத்தத் தருவான். இந்த மாசம் தாண்டிட்டா வீடு அவனுக்கு. மிச்சத்துல ஒங்க பாக்கிய அடைக்கணும்."

"போ தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

கடலில் விலை பேசக் கூடாது என்று அது சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் கரையில் ஒரு வழக்கம். வெள்ளோட்டத்தில் கடல்மேல் வைத்து விலை பேசி, விற்கிறவன் ஒரு கை கடல் தண்ணியை அள்ளி வாங்குறவன் உள்ளங்கையில் ஊற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. கரைக்கு வந்தபிறகு ஒரு ரூபாய் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மீறினவனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை நானும் வெள்ளைச்சாமியும் போனோம். பணத்தை மஞ்சப்பையில் கட்டிக் கார் டிக்கியில் வைத்திருந்தேன். போட்டில் ஏறினதும் முதலில் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். லாரி வாங்கிப் பழகின பழக்கம். எஞ்சின் சூடாக இருந்தால், விற்கிறவன் முன்னாடியே ஓட்டிச் சரிபண்ணி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இது சில்லென்று இருந்தது. மரியசெல்வம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். ரெண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகையைப் பார்த்தேன். கறுப்பு இல்லை, நீலமும் இல்லை. புகையைப் பார்த்தே எஞ்சினுக்கு வயசு சொல்வேன் நான். நல்ல எஞ்சின்.

அவன் கேபினுக்கு வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். வெயில் முதுகில் அடித்தது.

"உள்ள வந்து ஓட்டுப்பா" என்றேன்.

"சரிங்க" என்று உள்ளே வந்தான். நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவன் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. மினி பஸ் கண்ணாடி வழியாகக் கலங்கின தண்ணிதான் தெரிந்தது. நான் பிரிட்டோவைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன்.

காற்றுக்கு எதிரே ஓட்டச் சொன்னேன், ஓட்டினான். வேகமாக வளைக்கச் சொன்னேன், வளைத்தான். வளைத்தபோது போட் ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தது. வெள்ளைச்சாமி பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி, எனக்கு நீச்சல் தெரியாது, சம்பளமும் பாக்கி இருக்கு" என்றான்.

"கேபின் கனம் சாய்க்குதுப்பா" என்றேன் மரியசெல்வத்திடம்.

"ஆமாங்க."

பழைய மரியசெல்வமாக இருந்தால் என்னைக் கடலில் தள்ளியிருப்பான். அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வேண்டுமென்றே சொன்னேன், "இதை அறுத்துக் கழட்டிட்டா பத்துக் கட்டி கூட ஏத்தலாம்."

"சரிங்க."

அதற்குமேல் என் வாய் சும்மா இருக்கவில்லை. சகாயராணி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தாலும் இவன் ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. "என்ன வெலைப்பா சொல்ற?" என்றேன்.

"நீங்க சொல்லுங்க."

"அஞ்சு."

"சரிங்க."

"நாலுன்னு வச்சுக்குவமா?"

"சரிங்க."

"ஏண்டா, மூணுக்குக் குடுப்பியா?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"சரிங்க" என்று எஞ்சினைத் தணித்துவிட்டு, வெளியே போய்க் குனிந்து ஒரு கை தண்ணியை அள்ளி வந்தான். நான் கையை இழுக்குமுன்னே பிடித்து உள்ளங்கையில் ஊற்றிவிட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளைச்சாமி பார்த்துக்கொண்டே நின்றான்.

போட்டைக் கரைக்குத் திருப்பினான்.

சகாயராணி முழங்கால் தண்ணியில் நின்றது. என் ஈரக் கையையும் நனைந்த சட்டைக் கையையும் பார்த்ததும் அதற்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவுங்க ஐயா?"

"மூணு."

அது கத்தவில்லை. புருஷனையும் பார்க்கவில்லை. கரையேறிப் போய் மணலில் உட்கார்ந்து, காலில் ஒட்டின சேற்றைத் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. நானும் நின்றேன். சும்மா இரண்டரை லட்சத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். கடல் பேச்சை மீறினவன் என்று நாளைக்குக் கரை பேசும், சகாயராணியும் வாங்காது. அப்போதுதான் எனக்குப் பழைய லாரி யாவாரம் உதவிக்கு வந்தது.

"என்ன தாயி உக்காந்துட்ட? போட்டுக்குத்தான் மூணு. எஞ்சினுக்கு வெலை பேசலையே."

வெள்ளைச்சாமி, "மொதலாளி, எஞ்சின் சேத்துத்தானே..." என்று ஆரம்பித்தான்.

"எஞ்சின்னு எவனாச்சும் வாயத் தெறந்தமாடா? போய்க் காரத் தொட."

சகாயராணி என்னையே பார்த்தது. பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகியது.

"எஞ்சின் மூணு ஐயா."

"மூணா? கப்பல் எஞ்சினா தாயி? ஒண்ணே முக்கா."

"ஒண்ணே முக்காலுக்கு ஐஸ் அரைக்கிற மிஷினு வாங்குங்க. ரெண்டாவது சுத்துல பிடிச்சது, கரையில எனக்கே கேட்டுச்சு. ரெண்டே முக்கா."

"ரெண்டேகால்."

"நீங்களே பேரம் பேசத் தெரிஞ்ச ஆளு. ஒங்களுக்கே இது அடுக்குமா? ரெண்டரை. இதுக்குக் கீழ எஞ்சினக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போறேன், நீங்க துடுப்புப் போட்டுக்கிட்டுப் போங்க."

"ரெண்டரை" என்றேன். நான் தோற்ற பேரம் அது ஒன்றுதான், அதுவும் நானாகத் தோற்றது. "கேபினுக்கு?"

"அதுக்கு வெலை போட வேணாம் ஐயா. இருந்தா இருக்கட்டும், கழட்டுனாக் கழட்டுங்க."

மஞ்சப்பையை எடுத்து வரச் சொல்லிச் சகாயராணி கையில் எண்ணிக் கொடுத்தேன். ஐந்து லட்சத்தைத் தனியாகச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டது. மிச்சம் ஐம்பதாயிரத்தைப் புருஷனிடம் நீட்டி, "நீங்களே குடுங்க" என்றது.

அவன் அதை வாங்கிக்கொண்டு நின்றான்.

"அந்தப் பாக்கிய விட்டுரு செல்வம்" என்றேன். "போட்டு வாங்குன கையோட கழிச்சாச்சு."

"இல்லீங்க" என்றான்.

காலையிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. வந்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை.

"முப்பத்தெட்டு. அப்புறம் அந்த நாலு கட்டி."

"எந்த நாலு கட்டி?"

"பிரிட்டோவுக்கு எடுத்தது."

"அது கணக்குல இல்லப்பா. நான் சேக்கலை."

"நான் சேத்து வச்சிருக்கேண்ணே. அது நான் குடுக்கணும்." அண்ணே என்று அவன் கூப்பிட்டு ஐந்து மாதமாகியிருந்தது. "கட்டி என்ன வெலை?"

"நூறு" என்றேன்.

"நூறு நேத்துப் போட்ட ஐஸுக்கு. அது அன்னைக்குப் போட்டது, நல்ல ஐஸு. மறுநா மத்தியானம் வரைக்கும் கரையல. நூத்தம்பது போடுங்க."

சகாயராணி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"கைய நீட்டுங்க" என்றான்.

நீட்டினேன். காலையில் அவன் ஊற்றின தண்ணி காய்ந்து ரேகையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதன்மேல் ஐநூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணி வைத்தான். முப்பத்தெட்டாயிரம் முடிந்ததும் நிறுத்தி மூச்சு விட்டான். அப்புறம் ஒரு தாளை வைத்தான். சட்டைப் பையைத் துழாவிக் கசங்கின ஒரு நூறு ரூபாயை எடுத்து, நீவி, அதற்கு மேலே வைத்தான்.